இனிப்புநீர்: இரத்தச் சோதனை உங்கள் கண்ணைப் பற்றி என்ன சொல்கிறது?



கிளினிக்கில் இரத்தம் கொடுத்துவிட்டு வருகிற நம்மவர்களிடம், "என்னண்ணே, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "இனிப்பு கொஞ்சம் ஏறியிருக்காம், மாத்திரை கூட்டிக் கொடுத்திருக்காங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிளினிக் புத்தகத்தில் வரிசையாக எழுதியிருக்கும் எண்கள், யாருக்கோ எழுதியவை போல அலமாரியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த தவணைக்குத்தான் புத்தகம் மறுபடி வெளியே வரும்.

அந்த எண்களில் சில, உங்கள் கண்ணுக்கு வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே சொல்பவை. எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

2019-இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த கணக்கில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால் எத்தனை வீட்டில் இது இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்முடைய வேலையோ கண்ணை நம்பிய வேலை. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளி, பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைக் கண்ணால் அளந்துதான் கத்தி போடுகிறார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் குறைவு. செம்பனையிலோ அண்ணாந்து பார்த்து, எந்தக் குலை பழுத்தது, எது காய் என்று சொல்ல வேண்டும். பார்வை மங்கினால் முதலில் குறைவது சம்பளம். அதற்கப்புறம் வேலைக்கே ஆபத்து.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்பக்கச் சுவரில் விழித்திரை என்ற மெல்லிய தோல் இருக்கிறது. நாம் பார்க்கும் காட்சி அதன் மேல்தான் விழுகிறது. அதற்கு உணவு கொண்டுபோகும் இரத்தக் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை. இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்காக ஏறியே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் பலவீனப்படுகிறது. சில இடங்களில் குமிழ் போல வீங்குகிறது. சில இடங்களில் ஒழுகுகிறது. சில குழாய்கள் அடைத்தே போகின்றன. அடைபட்ட பகுதிக்கு இரத்தம் போதாமல் போகும்போது, உடம்பு புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அந்தப் புதுக் குழாய்கள் உறுதியில்லாதவை. ஒரு நாள் அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசிந்தால், கறுப்புத் துணி போட்டு மூடியது போல ஆகிவிடும்.

இத்தனையும் நடக்கும்போது வலி கிடையாது. எரிச்சல் கிடையாது. நடுப்பார்வைப் பகுதி வீங்கும் வரையில் பலருக்குப் பார்வையில் மாற்றமே தெரியாது. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, பேப்பர் கூடப் படிக்கிறேன்" என்று ஒருவர் சொல்வதால் அவருடைய விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வில், இனிப்புநீர் இருப்பதாக அப்போதுதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கண்களைப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் விழித்திரையில் ஏற்கெனவே பழுது தொடங்கியிருந்தது. அதாவது, நோய் தெரியவரும் நாளும் நோய் தொடங்கிய நாளும் ஒன்றல்ல.

மூன்று நாள் பத்தியம் செல்லாது!

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளினிக் தவணைக்கு மூன்று நாளைக்கு முன்னால் டின் பால் போட்ட தேத்தண்ணியை நிறுத்திவிடுவார்கள். சோற்றைக் குறைப்பார்கள். பாகற்காய்ச் சாறு உள்ளே போகும். அன்று காலை வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தால் 6-ஓ 7-ஓ காட்டும். "பாத்தியா, கன்ட்ரோலா இருக்கு!" என்று சந்தோஷமாகத் திரும்பும் வழியிலேயே கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும்.

இந்த வேலையெல்லாம் ஒரு சோதனையிடம் செல்லாது. அதற்கு எச்.பி.ஏ.1சி என்று பெயர். கிளினிக்கில் சுருக்கமாக 'ஏ1சி' என்பார்கள்.

நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருள் ஹீமோகுளோபின். இரத்தத்தில் சுற்றும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிறகு விடாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதுவரை அந்தச் சர்க்கரையும் அதிலேயே இருக்கும். ஆகவே நூற்றில் எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் சர்க்கரை எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை, ஒரு நாள் பெரட்டில் ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பது போல. ஏ1சி என்பது மூன்று மாதத்துச் செக்ரோல். அதில் ஒரு நாளை மட்டும் திருத்தி ஒன்றும் ஆகாது.

இனிப்புநீர் உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் இந்த மாறுதல் இருப்பதை 1968-இல் கவனித்தவர் ஈரான் நாட்டு மருத்துவ அறிஞர் சாமுவேல் ரஹ்பர். அவர் தெஹ்ரானில் வேறு வகை ஹீமோகுளோபின் கோளாறுகளைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்களுக்கு அந்தச் சோதனை செய்கிறார்கள்.

உங்கள் புத்தகத்தில் ஏ1சி 6 என்றிருந்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சுமார் 7 மில்லிமோல். 7 என்றால் சுமார் 8.6. 8 என்றால் 10.2. 9 என்றால் 11.8. பத்து என்றால் 13.4. விரலில் குத்திப் பார்க்கும் மிஷினில் வருவதும் மில்லிமோல் கணக்குத்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 7-க்குள், சிலருக்கு 6.5-க்குள் வைத்திருக்க டாக்டர் சொல்வார். வயதானவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி இறங்கி மயக்கம் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். உங்களுக்கு எது என்று அவரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைச் சோதனையையும் கொழுப்புச் சோதனையையும் பெரும்பாலும் அதே நாளில் வைத்துவிடுவதால் பசியாறாமல் வரச் சொல்வார்கள். அப்படி வரும்போது, சர்க்கரையை இறக்கும் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார வேண்டாம். கையில் எடுத்துப் போங்கள். இரத்தம் கொடுத்த பிறகு, பசியாறும்போது போட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்ணுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் முடிவு வெளியான ஆய்வில் 1441 பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட வேண்டிய வகை நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு ஏ1சி 7-ஐ ஒட்டி வைக்கப்பட்டது. மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையில் 9-ஐ ஒட்டி இருந்தது. கண்ணில் நோய் இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களில், 7-ல் இருந்தவர்களுக்கு விழித்திரை நோய் வருவது 76 விழுக்காடு குறைந்தது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது நடுவயதில் வரும் இரண்டாம் வகை. அதை ஆராய்ந்ததுதான் மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வு. ஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சின்னக் குழாய்கள் கெடுவது 37 விழுக்காடு குறைந்திருந்தது. ஒன்பதிலிருந்து ஏழுக்கு வர முடியாவிட்டாலும் எட்டுக்கு வந்தாலே லாபம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எண் பொய் சொல்லும் சமயங்கள்

ஏ1சி என்பது சிவப்பணுவை நம்பிய கணக்கு. சிவப்பணுவிலேயே கோளாறு இருந்தால் கணக்கும் தப்பும். நம் பெண்களுக்கு இரத்தசோகை சகஜம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் ஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரத்தம் அதிகம் போயிருந்தாலும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் கோளாறு இருந்தாலும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அப்போது "நல்லாயிருக்கு" என்று ஏமாந்து போவோம். இந்த நாட்டில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் 'ஈ' என்ற பரம்பரைக் கோளாறும் உள்ள குடும்பங்கள் பல. அவர்களுக்கும் இந்தக் கணக்குச் சரிவராமல் போகலாம். வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் எண்ணுக்கும் கிளினிக்கின் ஏ1சி எண்ணுக்கும் பொருத்தமே இல்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பிரக்டோசமின் என்று இன்னொரு சோதனை இருக்கிறது. அது சிவப்பணுவைச் சாராமல் கடந்த இரண்டு மூன்று வாரத்து நிலையைக் காட்டும்.

சோகையில் இன்னொரு சங்கதியும் உண்டு. இரத்தசோகை இருப்பவர்களுக்கு விழித்திரை நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்கக் கண் ஆய்வொன்று காட்டியது. ஏற்கெனவே இரத்தம் போதாமல் தவிக்கும் விழித்திரைக்கு வருகிற இரத்தமும் சத்தில்லாமல் வந்தால் என்ன ஆகும்? ஆகவே முழு இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் வேண்டும்.

சிறுநீரகம், கொழுப்பு, பிரஷர்

கண்ணும் சிறுநீரகமும் இந்த நோயில் கூட்டாளிகள். இரண்டிலும் கெடுவது சின்னக் குழாய்கள்தான். அதனால் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினாலோ, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிந்தாலோ, கண்ணிலும் பழுது இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை கிரியாட்டினினிலிருந்து கணக்கிட்டு ஓர் எண்ணாக எழுதுவார்கள். அது 60-க்குக் கீழே இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே இருந்தால் கவலைக்குரியது. சிறுநீர்ச் சோதனை இரத்தச் சோதனை அல்லதான். ஆனால் கண்ணைப் பொறுத்தவரை அந்தச் சின்ன டப்பா சொல்லும் செய்தி பெரியது. "ஒண்ணுக்குத்தானே" என்று கொடுக்காமல் வந்துவிடாதீர்கள்.

கொழுப்பில் ஒரு வியப்பான செய்தி. பினோபைப்ரேட் என்பது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் குறைக்க வந்த பழைய மாத்திரை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து நாடுகளில் 9795 இனிப்புநீர் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கண்ணில் லேசர் தேவைப்படுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2024-இல் ஸ்காட்லாந்து ஆய்வும், தொடக்க நிலைக் கண் நோய் உள்ளவர்களுக்கு அது முற்றுவதை இந்த மாத்திரை 27 விழுக்காடு குறைத்தது என்று சொன்னது. வியப்பு என்னவென்றால், முதல் ஆய்வில் இந்தப் பலன் இரத்தக் கொழுப்பின் அளவோடு ஒட்டி வரவில்லை. எண் நன்றாக இருந்தவருக்கும் பலன் கிடைத்தது. அதற்காகக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்டிருப்பவர்களுக்கு அது ஆகாது. டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

பிரஷர் இரத்தச் சோதனையில் வராது. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது. ஆனாலும் அதை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றிப் பேச முடியாது. அதே இங்கிலாந்து ஆய்வில் 1998-இல் வந்த முடிவு: பிரஷரை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மேல் எண்ணில் இருந்த வித்தியாசம் பத்துதான்!

எண் நன்றாக இருந்தால் கண்ணும் நன்றாக இருக்குமா?

இதுதான் முக்கியமான இடம். இல்லை என்பதே பதில்.

முன்னே சொன்ன அமெரிக்க, கனடா ஆய்வின் கணக்கைப் பின்னால் மறுபடி அலசினார்கள். ஒருவருக்குக் கண் நோய் வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்ற வேற்றுமையில், ஏ1சி எண்ணும் நோய் இருந்த காலமும் சேர்ந்து விளக்கியது 11 விழுக்காடுதான். மீதிக்குப் பரம்பரை, பிரஷர் என்று இன்னும் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஏ1சி 8 என்றிருக்கும். அண்ணன் கண் சுத்தமாக இருக்கும், தம்பி கண் லேசர் கட்டிலில் இருக்கும். இரத்தம் சொல்வது ஆபத்து எவ்வளவு என்பதை. ஆபத்து வந்துவிட்டதா என்பதைக் கண்ணுக்குள் பார்த்தால்தான் தெரியும்.

வேறு இரத்தச் சோதனையே இல்லையா என்று கேட்கலாம். தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு புரதம் இந்த நோயாளிகளின் கண்ணீர்மத்தில் மிகுந்திருப்பதை 1994-இல் கண்டுபிடித்தார்கள். இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து அதை அடக்குவதற்குத்தான். ஆனால் கண்ணுக்குள் அது எவ்வளவு இருக்கிறது என்பதைக் கை நரம்பில் எடுத்த இரத்தம் சரியாகச் சொல்வதில்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஹோமோசிஸ்டீன், சிஸ்டாட்டின் சி, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பல பொருள்களை ஆராய்கிறார்கள். கண் பரிசோதனைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும்படி இவற்றில் எதுவும் இன்னும் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், சம்பளம் போட்ட வாரத்தில் மேசை நாற்காலியோடு வந்து, "ஒரு சொட்டு இரத்தத்திலே கண்ணு, கிட்னி எல்லாம் பாத்துச் சொல்றோம்" என்று முந்நூறு, நானூறு வெள்ளி கேட்பவர்களும் உண்டு. கூடவே ஒரு பாட்டில் மருந்தையும் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தக் காசில் அரசாங்க கிளினிக்குக்கு எத்தனை தடவை பஸ் ஏறிப் போகலாம் என்று பாருங்கள். அங்கே நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

யாருக்கு அவசரம்?

இனிப்புநீர் இருப்பதாகத் தெரிந்த உடனேயே இரண்டாம் வகைக்காரர்கள் கண்ணைப் படம் எடுத்துவிட வேண்டும். பழுது இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுத்தால் போதும். ஏ1சி தொடர்ந்து 9, 10 என்று இருப்பவர்கள், சிறுநீரில் ஆல்புமின் போகிறவர்கள், பிரஷர் அடங்காதவர்கள், பத்து ஆண்டுக்கு மேல் நோய் உள்ளவர்கள் அடுத்த தவணை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னும் இரண்டு வகையினரை மறந்துவிடக் கூடாது. முன்பே இனிப்புநீர் இருந்து இப்போது கர்ப்பமாயிருக்கும் பெண்கள்: கர்ப்பத்தில் கண் நோய் வேகமாக முற்றும். முதல் மூன்று மாதத்திலேயே கண்ணைப் பார்த்துவிட வேண்டும். அடுத்து, பல வருடமாகச் சர்க்கரை ஏறிக்கிடந்து, இப்போது இன்சுலினோ புது ஊசி மருந்தோ தொடங்கி ஏ1சி திடீரென்று பல புள்ளி இறங்கும் நிலையில் உள்ளவர்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதுள்ள கண் முதல் வருடத்தில் கொஞ்சம் மோசமாகலாம். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். நீண்ட நாளில் நன்மைதான். மருந்து தொடங்குமுன் கண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் நாள்

பல அரசாங்க கிளினிக்குகளில் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சிலருக்குக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அப்படி விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். அன்று மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள். மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட அழைத்துப் போங்கள். கறுப்புக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு விட்ட கண்ணோடு மத்தியானம் குலை வெட்டப் போவதும் வேண்டாம்.

படத்தில் கோளாறு தெரிந்தால் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். லேசரோ ஊசியோ நேரத்தில் போட்டால் இருக்கும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். போன பார்வை முழுவதும் திரும்புவது கடினம். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்ற கணக்கு அது. தவணை நாளை முன்கூட்டியே கிராணியிடமும் தண்டலிடமும் சொல்லி, கிளினிக் அட்டையைக் காட்டுங்கள். போகவிடாமல் தடுத்தாலோ, வேலைக்கு வராத நாள் என்று எழுதினாலோ, அட்டையோடு உங்கள் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிளினிக் புத்தகத்தைத் திறந்து, கடைசியாகக் கண்ணைப் பார்த்த தேதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். அந்த இடம் காலியாக இருந்தால், அடுத்த தவணையில் நர்ஸிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: "மிஸ்ஸி, எனக்குக் கண்ணுப் படம் எப்ப?"